சர்க்கரைக்கும் ஒரு கணக்கு நோட்டு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டையும் ரெண்டு மாட்டையும் பார்த்துக்கிறேன். எங்க குழுவுல ஒன்பது வருஷமா கணக்கு நோட்டு எழுதுறேன். போன மாசக் கூட்டத்துல தலைவி அக்கா, "உங்க அத்தைக்கு வீட்டுலயே சுகர் பார்த்து எழுதி வைக்கிறியே, அதைப் பத்திப் பேரவையில கொஞ்சம் பேசு"ன்னு சொன்னாங்க. நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. டாக்டரும் நர்சம்மாவும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையும், எங்க வீட்டுல நாங்க செய்யறதையும் மட்டும் சொல்றேன்.

முதல்ல இதை ஏன் மகளிர் குழுக் கூட்டத்துல பேசணும்னு சொல்லிடறேன். நம்ம தமிழ்நாட்டுல அரசாங்கத்தோட மகளிர் குழுத் திட்டம் 1989ல் ஆரம்பிச்சதே தர்மபுரி மாவட்டத்துலதான். அப்போ நம்ம கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. 2004லதான் தனி மாவட்டமாப் பிரிஞ்சோம். அதே மாதிரி, 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி வெச்சதும் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான். அந்தத் திட்டத்துல வீடு வீடா வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் யாரு? நம்மளை மாதிரி குழுவுல இருக்கிற பொம்பளைங்கதான். அதனால சேமிப்பும் கடனும் எப்படி நம்ம விஷயமோ, சர்க்கரையும் நம்ம விஷயம்தான்.

முன்னெல்லாம் இதைப் பணக்கார வியாதின்னு சொல்லுவாங்க. இப்போ அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில இருக்கிற நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023ல் வெளிவந்தது. பெரியவங்கள்ல 100 பேருக்கு 11 பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்குதாம். மொத்தம் 10 கோடிப் பேருக்கு மேல. தமிழ்நாட்டுல இன்னும் அதிகம், 100க்கு 14 பேர். நம்ம குழுவுல 14 பேர் இருந்தா அதுல ரெண்டு பேருக்கு இருக்கலாம். நம்ம ஊருல களை வெட்டுறவங்களுக்கும் இருக்கு, மாந்தோப்புல கூலிக்குப் போறவங்களுக்கும் இருக்கு.

மாசம் ஒரு தடவை தன்னார்வலர் அக்கா வந்து பார்க்கிறாங்களே, அப்புறம் வீட்டுல வேற எதுக்குப் பார்க்கணும்னு சிலர் கேட்கலாம். எங்க அத்தையும் அதைத்தான் கேட்டாங்க. நான் கணக்கு எழுதுறவ இல்லையா, அதனால கணக்கு மாதிரியே சொன்னேன். மாசத்துல ஒரு நாள் பையில எவ்வளவு பணம் இருக்குன்னு பார்த்தா அந்த நேரத்துக் கையிருப்பு தெரியும். எந்த நாள் எவ்வளவு வந்தது, எந்த நாள் எதுக்குப் போச்சுன்னு தெரியாது. சர்க்கரையும் அப்படித்தான். காலையில ஒண்ணு இருக்கும், சாப்பிட்ட பிறகு ஒண்ணு இருக்கும், வெயில்ல வேலை செய்யும்போது இன்னொண்ணு இருக்கும். மாசம் ஒரு நாள் பார்க்கிறது கட்டாயம் வேணும். அதோட நடுவுல இருக்கிற நாளையும் நாம பார்த்து எழுதினாத்தான் டாக்டருக்கு வரவு செலவு முழுசாத் தெரியும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். எங்க அத்தைக்கு வயசு 61. சர்க்கரை வந்து 11 வருஷம் ஆச்சு. மாத்திரை சாப்பிடறாங்க, ஊசி இல்லை. மாசாமாசம் பார்க்கும்போது 170, 180ன்னு வரும். ஆனா நூறு நாள் வேலைக்குப் போற அன்னைக்கு மட்டும், காலையில 11 மணி வாக்குல கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்க்கும், தலை கிறுகிறுன்னு வருதுன்னு உட்கார்ந்துடுவாங்க. கூட வேலை செய்யறவங்க எல்லாம் "வெயிலு, வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர்கிட்ட இதைச் சொன்னபோது, "வேர்க்கிற நேரத்துல சுகர் எவ்வளவு இருக்குன்னு பார்த்து எழுதிட்டு வாங்க. வேலைக்குப் போகாத நாள்லயும் அதே நேரத்துக்குப் பாருங்க"ன்னு சொன்னாங்க.

வேலை நடக்கிற ஏரி எங்க வீட்டுக்குப் பின்னாடிதான். துணிப்பையில மிஷினை எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். முதல் நாள் 64. ரெண்டு நாள் கழிச்சு 71. அடுத்த வாரம் 66. வேலைக்குப் போகாத நாள்ல அதே 11 மணிக்கு 142, 155. காலையில 7 மணிக்கு மாத்திரை போட்டு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஓடிடுவாங்க. அப்புறம் மண்ணு வெட்டுற வேலை. சர்க்கரை இறங்காம என்ன பண்ணும்? ரெண்டு வாரம் எழுதின நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் பார்த்துட்டு ஒரு மாத்திரையை மாத்தினாங்க, சாப்பாட்டு நேரத்தையும் மாத்தச் சொன்னாங்க. "170ஐ மட்டும் பார்த்திருந்தா நான் மாத்திரையைக் கூட்டியிருப்பேன்மா"ன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏற்கனவே இறங்கிப் போற உடம்புக்கு மாத்திரையைக் கூட்டினா என்ன ஆகியிருக்கும்? நோட்டுல எழுதினதுதான் அன்னைக்குக் காப்பாத்துச்சு.

அதனால நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். நம்பரை மட்டும் பார்த்து சந்தோஷப்படறதோ பயப்படறதோ வேண்டாம். எந்த நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டோம், என்ன வேலை செஞ்சோம், இதெல்லாம் நம்பரோட சேர்த்து எழுதணும். "210 இருக்கு"ன்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. வெறும் வயித்துல 210ன்னா ஒரு கதை, கல்யாண வீட்டுல சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 210ன்னா வேற கதை.

இப்போ எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்றேன். தெரிஞ்சவங்க பொறுத்துக்குங்க, தெரியாதவங்க நிறையப் பேர் இருக்கீங்க.

முதல்ல கையை சோப்பு போட்டுக் கழுவி, நல்லாத் துடைக்கணும். இதுதான் ரொம்ப முக்கியம். மாம்பழம் அறுத்த கையோட, மாவு பிசைஞ்ச கையோட பார்த்தா, விரல்ல ஒட்டியிருக்கிற இனிப்பு ரத்தத்தோட சேர்ந்து நம்பரை ஏத்திக் காட்டும். நம்ம பக்கம் மாம்பழ சீசன்ல இதை ஞாபகம் வெச்சுக்கணும். ஈரக்கையோடயும் பார்க்கக் கூடாது, தண்ணி கலந்தா நம்பர் குறைச்சுக் காட்டும். வயல்ல கை கழுவ வசதி இல்லைன்னா, முதல் சொட்டைத் துடைச்சு எறிஞ்சுட்டு ரெண்டாவது சொட்டை எடுக்கச் சொல்லி நர்சம்மா சொல்லிக் கொடுத்தாங்க.

விரலோட நடுவுல குத்தாதீங்க. நடுவுல குத்தினா வலி அதிகம், அப்புறம் பாத்திரம் தேய்க்க முடியாது. ஓரத்துல குத்தணும். ஒரே விரல்ல குத்தாம மாத்தி மாத்திக் குத்தணும். ரத்தம் வரலைன்னா கையைக் கீழ தொங்கவிட்டு, உள்ளங்கையில இருந்து விரல் நுனிப் பக்கம் மெதுவா நீவிவிடணும். விரல் நுனியைப் போட்டு அழுத்திப் பிழியக் கூடாது.

அடுத்தது ஸ்டிரிப். ஸ்டிரிப் டப்பாவை எடுத்த உடனே இறுக்கி மூடணும். அது ஈரம் பட்டாக் கெட்டுப் போயிடும். அடுப்பு மேடையில வைக்கக் கூடாது, ஜன்னல் ஓரம் வெயில்லயும் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜ்லயும் வைக்க வேண்டாம். காலாவதி தேதி பார்த்து வாங்கணும். திறந்த பிறகு எத்தனை மாசம் தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கும். நான் திறந்த தேதியை டப்பா மேல பேனாவால எழுதிடுவேன். ஒரு மிஷினோட ஸ்டிரிப் வேற கம்பெனி மிஷினுக்குச் சேராது. விலை குறைச்சலா கிடைக்குதுன்னு வேற எதையாவது வாங்கிட்டு வந்துடாதீங்க.

மிஷின்ல தேதியும் நேரமும் சரியா வெச்சுடணும். மிஷின் தானே பழைய நம்பரை ஞாபகம் வெச்சிருக்கும். ஆனா என்ன சாப்பிட்டோம்னு மிஷினுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நோட்டு.

எங்க நோட்டுல ஆறு கட்டம். தேதி, நேரம், வெறும் வயிறா சாப்பிட்ட பிறகா, நம்பர், என்ன சாப்பிட்டாங்க, கடைசியில குறிப்பு. குறிப்புல காய்ச்சல், விருந்து, விரதம், மாத்திரை போடலை, வேலைக்குப் போனது இதெல்லாம் வரும். எங்க அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஊருக்குப் போயிருந்தா, மிஷின்ல தெரியற நம்பரைப் பார்த்து அப்படியே வரைஞ்சு வெச்சிடுவாங்க. எழுதத் தெரியலைன்னு யாரும் விட்டுட வேண்டாம்.

என்ன நம்பர் இருக்கணும்? சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடற பெரும்பாலான பெரியவங்களுக்கு, சாப்பிடறதுக்கு முன்னாடி 80ல் இருந்து 130 வரை, சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு மணி நேரத்துல 180க்குக் கீழன்னு சொல்றாங்க. ஆனா இது எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. வயசானவங்க, தனியா இருக்கிறவங்க, இருதய நோய் இருக்கிறவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் கூட வெச்சுக்கச் சொல்லலாம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் குறைவா இருக்கணும். அதனால உங்க நம்பர் என்னன்னு டாக்டர்கிட்ட கேட்டு நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வெச்சுக்குங்க.

இன்னொண்ணு. இன்னைக்கு 150, நாளைக்கு 162ன்னா "ஐயோ ஏறிடுச்சு"ன்னு பதற வேண்டாம். நல்ல மிஷின்லயே 100க்கு 15 வரைக்கும் முன்ன பின்ன காட்டலாம். ஒரு நாள் நம்பரை விட ஒரு வாரத்து நம்பர் எப்படிப் போகுதுன்னு பார்க்கணும். நம்பர் கூடிடுச்சுன்னு நாமளே ரெண்டு மாத்திரை போடறதும், குறைஞ்சிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்தறதும் கூடவே கூடாது. நோட்டு நம்ம கையில, மாத்திரை டாக்டர் கையில.

நம்ம குழுக் கணக்கை வருஷா வருஷம் தணிக்கை பண்றோம் இல்லையா, மிஷினுக்கும் தணிக்கை உண்டு. லேபுல வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கும்போது மிஷினையும் எடுத்துட்டுப் போங்க. அங்க ரத்தம் எடுத்த உடனே நீங்களும் விரல்ல குத்திப் பாருங்க. ரெண்டு நம்பரும் கிட்டத்தட்ட இருந்தா மிஷின் சரி. ரொம்ப வித்தியாசம் இருந்தா ஸ்டிரிப்பையும் மிஷினையும் மாத்தறதைப் பத்திக் கேளுங்க. மூணு மாசத்துச் சராசரி காட்டுற எச்.பி.ஏ.1.சி. டெஸ்டும் வீட்டு நோட்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை விட முடியாது. நம்ம பொம்பளைங்கள்ல நிறையப் பேருக்கு ரத்தசோகை இருக்கு. அது இருந்தா அந்த மூணு மாச டெஸ்டு நம்பர் மாறிக் காட்டலாம். அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

இப்போ ஆபத்தான நேரம் பத்தி. நம்பர் 70க்குக் கீழ போனா அது தாழ்வு. வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, சம்பந்தம் இல்லாமப் பேசறது, காரணம் இல்லாமக் கோபம், இதெல்லாம் அடையாளம். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். இன்னும் 70க்குக் கீழ இருந்தா மறுபடி அதே மாதிரி. ஏறின பிறகு சாப்பாடு சாப்பிடணும். மிஷின் பக்கத்துல இல்லைன்னா தேடிட்டு நிக்காதீங்க, முதல்ல சர்க்கரையைக் கொடுங்க. ஆனா மயங்கி விழுந்தவங்க வாயில தண்ணியோ சர்க்கரையோ ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு போன் பண்ணணும். எங்க அத்தை இப்போ வேலைக்குப் போகும்போது முந்தானையில சர்க்கரைப் பொட்டலம் முடிஞ்சுட்டுத்தான் போவாங்க.

சஷ்டி, கார்த்திகை, அமாவாசைன்னு விரதம் இருக்கிறவங்க இதைக் கேட்டுக்குங்க. மாத்திரை போட்டுட்டு பட்டினி இருந்தா சில மாத்திரைக்கு சர்க்கரை பாதாளத்துக்குப் போயிடும். இன்சுலின் போடறவங்களுக்கும் அப்படித்தான். விரதத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. விரத நாள்ல விரல்ல குத்திப் பார்த்தா விரதம் கெட்டுப் போகாது.

அதே மாதிரி நம்பர் 300க்கு மேலயே நின்னு, வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறது, அசதியாத் தூங்கிட்டே இருக்கிறது இதெல்லாம் இருந்தா நாளைக்குப் பார்ப்போம்னு இருக்கக் கூடாது. நம்பர் வராம மிஷின் 'ஹை'ன்னு காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நோட்டு எழுத ஆரம்பிச்ச பிறகு சாப்பாட்டைப் பத்தியும் எங்களுக்கு நிறையத் தெரிய வந்தது. நம்ம பக்கம் ராகிக் களி சாப்பிட்டா சர்க்கரையே ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை. எங்க அத்தை அரிசிச் சோத்தைக் குறைச்சுட்டு ரெண்டு பெரிய உருண்டைக் களி சாப்பிடுவாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி 128, ரெண்டு மணி நேரம் கழிச்சு 236. அவங்களே மிஷினைப் பார்த்து, "இது பொய் சொல்லுது"ன்னாங்க. அடுத்த வாரம் ஒரு சின்ன உருண்டை, கூட கீரையும் அவரைக்கொட்டைக் குழம்பும் நிறையப் போட்டுக் கொடுத்தேன். 174 வந்தது. ராகி நல்லதுதான், யாரும் விட வேண்டாம். ஆனா எவ்வளவு சாப்பிடறோம்னு ஒரு அளவு இருக்கு. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களும் ஒரு தடவை குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்க அத்தைக்கு நான் அஞ்சு வருஷமா சொல்லியும் கேட்காததை அந்த மிஷின் ரெண்டு நாள்ல கேட்க வெச்சுடுச்சு.

அடுத்து ஒரு எச்சரிக்கை. குழுன்னா நாம எல்லாத்தையும் பகிர்ந்துக்குவோம். கிரைண்டர், பந்தல், பாத்திரம் எல்லாம் மாத்திக்குவோம். ஆனா குத்துற ஊசியையும், அதை மாட்டுற பேனா மாதிரி கருவியையும் ஒருத்தருக்கு மேல உபயோகிக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் கூடாது, அம்மா மகளா இருந்தாலும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துல இருந்து கல்லீரலைக் கெடுக்கிற மஞ்சள் காமாலைக் கிருமி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். "ஊசியை மாத்திட்டேன், பேனா ஒண்ணுதானே"ன்னு சொல்லாதீங்க, பேனாவும் தனியா இருக்கணும். 50 ஸ்டிரிப் இருக்கிற டப்பாவை வாங்கி மூணு பேர் பிரிச்சுப் பொட்டலம் கட்டிக்கிறதும் வேண்டாம், காத்துப் பட்டு வீணாப் போகும். குத்தின ஊசியைக் குப்பையில போடாம, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி வைங்க. நிறைஞ்சதும் சுகாதார நிலையத்துல கேட்டுக் கொடுத்துடுங்க. நம்ம தூய்மைப் பணியாளர் அக்காங்க வெறுங்கையோட குப்பை பிரிக்கிறாங்க. அவங்க கையில குத்தக் கூடாது.

அக்கா தங்கச்சிகளே, இப்போ மனசுல இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லணும்.

எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க சொல்லச் சொன்னதாலதான் சொல்றேன். அவங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ஆறு வருஷமா அவருக்குக் காலையில பார்த்து, எழுதி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, தனியா சமைச்சுப் போட்டாங்க. அவரோட நோட்டைப் பார்த்தா நம்ம தீர்மானப் புத்தகத்தை விட அழகா இருக்கும். போன வருஷம் அவங்க கால் கட்டைவிரல்ல சின்னப் புண்ணு. ஒரு மாசம் ஆகியும் ஆறலை. மஞ்சள் பத்து போட்டுப் பார்த்தாங்க. தன்னார்வலர் தங்கச்சி வந்தபோது, "உங்களுக்கும் ஒரு தடவை பார்க்கலாம் அக்கா"ன்னு கையைப் பிடிச்சுப் பார்த்துச்சு. 348. ஆறு வருஷமா மிஷின் அவங்க வீட்டு அலமாரியிலதான் இருந்தது. அவங்க விரல் அதுல ஒரு தடவை கூடப் படலை. ஏன்க்கான்னு கேட்டேன். "ஒரு ஸ்டிரிப் 20 ரூபாடி. அவருக்கு வேணுமேன்னு விட்டுட்டேன்"னாங்க. விரல் நுனியை எடுக்க வேண்டியதாப் போச்சு. கால் தப்பிச்சது. இப்போ அவங்களும் நோட்டு எழுதுறாங்க. இன்னைக்கு இந்தக் கூட்டத்துலயும் உட்கார்ந்திருக்காங்க.

இந்த அக்கா மட்டும் இல்லை, நம்மள்ல பாதிப் பேர் இப்படித்தான். வீட்டுல எல்லாரோட மாத்திரை நேரமும் நமக்குத் தெரியும். நம்ம சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டா தெரியாது. குழுவுல 10 ரூபா விட்டுப் போனா ராத்திரி பத்து மணி வரைக்கும் தேடுறோம். நம்ம உடம்புக் கணக்குல ஒரு வரி கூட எழுதறதில்லை.

எனக்கு ரெண்டாவது குழந்தை வயித்துல இருந்தபோது, சுகாதார நிலையத்துல 75 கிராம் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தாங்க. 140க்கு மேல இருந்தா கர்ப்பகாலச் சர்க்கரைன்னு அர்த்தம். எனக்கு இருந்தது. சாப்பாட்டுலயே கட்டுப்பாடா இருந்து நல்லபடியாக் குழந்தை பிறந்தது. பிறந்ததும் சர்க்கரையும் சரியாப் போச்சு. ஆனா "உனக்குப் பின்னாடி சர்க்கரை வர மத்தவங்களை விட வாய்ப்பு அதிகம், வருஷா வருஷம் பாரும்மா"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அதனால ஒவ்வொரு வருஷமும் குழந்தை பிறந்த நாள் வர்ற வாரத்துல நான் லேபுல போய்ப் பார்த்துக்கிறேன். உங்கள்ல யாருக்காவது கர்ப்பத்துல சர்க்கரை இருந்திருந்தா, குழந்தை பள்ளிக்கூடம் போனாலும் சரி, காலேஜ் போனாலும் சரி, நீங்க போய்ப் பாருங்க. சர்க்கரை இருக்கா இல்லையான்னு முடிவு பண்றதுக்கு வீட்டு மிஷின் போதாது. அதுக்கு லேபுல ரத்தம் கொடுத்துப் பார்க்கணும். வெறும் வயித்துல 100க்குக் கீழ இருந்தா நல்லது. 100ல் இருந்து 125 வரைன்னா ஜாக்கிரதையா இருக்கணும். 126ம் அதுக்கு மேலயும்னா டாக்டரைப் பார்க்கணும். சர்க்கரை இல்லாதவங்க தினமும் வீட்டுல குத்திப் பார்த்துக் காசை வீணாக்க வேண்டாம்.

செலவைப் பத்தியும் ஒளிக்காமச் சொல்றேன். மிஷின் ஒரு தடவைச் செலவு, ஸ்டிரிப்தான் மாசாமாசம் வரும். எங்க அத்தைக்கு இப்போ வாரத்துக்கு ரெண்டு தடவை பார்த்தாப் போதும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒரு தடவை வெறும் வயித்துல, ஒரு தடவை ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு. வாரா வாரம் வேளையை மாத்திக்குவோம். மாசத்துக்கு ஒன்பது ஸ்டிரிப், ஒண்ணு 20 ரூபான்னு வெச்சா 180 ரூபா. எங்க குழு மாதச் சேமிப்பு 200 ரூபா. இன்சுலின் போடறவங்க தினமும் பார்க்க வேண்டியிருக்கும், அவங்களுக்குச் செலவு கூட ஆகும். டாக்டர் எத்தனை தடவை சொல்றாங்களோ அத்தனை தடவை பார்த்தாப் போதும். அதை விடக் கூடவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அதனால இந்தப் பேரவை முன்னாடி மூணு கோரிக்கை வைக்கிறேன். தலைவி அக்கா தீர்மானத்துல எழுதிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, சுகர் மிஷினுக்கும் ஸ்டிரிப்புக்கும் உள்கடன் கேட்டா, மாட்டுக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கிற மாதிரி யோசிக்காமக் கொடுக்கணும். எல்லாரும் ஒரே வகை மிஷினா வாங்கினா, ஸ்டிரிப்பைக் கூட்டமைப்பு மூலமா மொத்தமா விலை பேசி, ஆளுக்கு ஒரு முழு டப்பாவா வாங்கலாம்.

ரெண்டு, ஆறு கட்டம் போட்ட சின்ன நோட்டு ஒண்ணைக் கூட்டமைப்பு செலவுல அச்சடிச்சுக் கொடுக்கணும். எழுதத் தெரியாத உறுப்பினருக்கு அந்தந்தக் குழுவுல கணக்கு எழுதுறவங்க எழுதிக் கொடுக்கணும். எங்க குழுவுக்கு நான் எழுதறேன்.

மூணு, 30 வயசு ஆன ஒவ்வொரு உறுப்பினரும் வருஷத்துக்கு ஒரு தடவை தன்னோட சுகரையும் பி.பி.யையும் பார்த்தாங்களான்னு மாதக் கூட்டத்துல கேட்கணும். நம்பரை எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டாம், அது அவங்க சொந்த விஷயம். பார்த்தாச்சா இல்லையான்னு மட்டும் கேட்டா போதும். யார் பார்க்கலையோ அவங்களைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் கூட்டிட்டுப் போகணும்.

சர்க்கரை இருக்கிறவங்க நோட்டு எழுதறதோட, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு, கிட்னி, கால் பாதம் மூணையும் காட்டிடுங்க. ராத்திரி படுக்கப் போகும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்க. வெடிப்பு, கொப்புளம், புண்ணு இருந்தா அன்னைக்கே கவனிங்க.

கூட்டம் முடிஞ்சதும் மரத்தடியில தன்னார்வலர் தங்கச்சிங்க ரெண்டு பேரும் மிஷினோட உட்கார்ந்திருப்பாங்க. ஆளுக்கு ஒரு புது ஊசி வெச்சிருக்காங்க. கையைக் கழுவிட்டு வரிசையில வாங்க. சாப்பாட்டுப் பந்திக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க.